காப்பாற்றப்பட்ட அறுபத்தொரு பேர்

அத்தியாயம் 9

அந்தப் பட்டியல் லோர்னாவின் ரொட்டிப் பெட்டிக்குள் போய்ப் பதினோரு நாள் ஆகிவிட்டது. ரொட்டி எடுக்கும்போதெல்லாம் அதை விரித்து, கணவன் பெயர் இன்னும் அதில் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்கும். முப்பத்தெட்டாவது பெயர், வெண்டல் டீக். அதற்கு எதிரே இரண்டே வார்த்தை: காப்பாற்றப்பட்ட வேலை.

வெண்டல் ஜூன் மாதம் புல் வெட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச் சேர்ந்தவன். அரசாங்கத்துக்குக் காட்ட ஆலை இந்தப் பட்டியலைத் தயாரித்தது செப்டம்பர் கடைசியில்.

பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தவள் மகள் ஜெனெல். மாவட்ட அலுவலகத்தில் வேலை. கொடுத்துவிட்டு, "நீ தெரிஞ்சுக்கணும்னுதான் குடுக்கறேன். இதை வெச்சு ஒண்ணும் பண்ணிடாதம்மா" என்று கெஞ்சினாள். லோர்னா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குக் கதவைத் தட்டினான் மெர்ல். லோர்னாவின் ஒரே தம்பி. ஜன்னல் ஆலையில் ஆளெடுக்கும் பிரிவுக்குத் தலைவன். பட்டியலின் அடியில் இருப்பது அவன் பெயர்தான். கையில் டோனட் பெட்டி, கழுத்தில் புது டை.

"அக்கா, காபி இருக்கா?"

"உக்காரு."

அவன் உட்கார்ந்தது வெண்டலின் நாற்காலி. லோர்னா காபியை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"இன்னிக்கு ஆலைல விழா. தெரியுமில்ல?"

"ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்களே. நூத்தி நாப்பத்தெட்டு வேலைன்னு."

"வாஷிங்டன்லருந்து ஒரு பெரிய ஆள் வர்றார். திரும்ப வேலைக்கு வந்தவங்க யாராவது ஒருத்தர் மேடைல ரெண்டு வார்த்தை பேசணும். பேச இருந்தவன் பொண்டாட்டிக்கு ராத்திரி பிரசவ வலி எடுத்துடுச்சு." மெர்ல் டோனட்டைப் பிய்த்தான். "நீ பேசறியா?"

"நான் எங்க திரும்ப வேலைக்கு வந்தேன்?"

"திங்கக்கிழமை வர்றே. கண்ணாடி வெட்டற பிரிவு, உன் பழைய இடம். மொதலாளி வான்கிட்ட நேத்தே பேசிட்டேன்."

இருபத்தாறு வருடம் நின்ற இடம். பிப்ரவரியில், போன வருடம், ஒரு கடிதாசியோடு அனுப்பிவிட்டார்கள். அவளும் வெண்டலும் ஒரே நாளில். அதன்பிறகுதான் அரசாங்கம் ஊக்க நிதி என்று கோடிகளை இறைத்தது. ஏழைகள் வீடுகளுக்குக் குளிர் புகாத ஜன்னல் போடும் திட்டம் வந்தது. ஜன்னல் செய்யும் ஆர்டர் இந்த ஆலைக்கு வந்தது. எண்பத்தேழு பேரை மறுபடி எடுத்தார்கள். அது நிஜம்.

மீதி அறுபத்தொரு பேர் கதை வேறு. லோர்னாவும் வெண்டலும் அதில் அடக்கம். இந்த வருடம் ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர்களை எல்லாம் கூப்பிட்டார்கள். பாதுகாப்புப் பயிற்சி, மத்தியானம் பீட்ஸா, சில தாள்களில் கையெழுத்து. "அடுத்த வாரம் போன் வரும்" என்று கைகுலுக்கி அனுப்பினார்கள். போன் வரவில்லை.

வெண்டலுக்கு அப்போது ஃபோர்ட் வேன் நகரத்தில் லாரி ஓட்டும் வேலை உறுதியாகியிருந்தது. முதல் நாளிலிருந்தே மருத்துவக் காப்பீடு. மெர்ல்தான் போனில் தடுத்தான். "அத்தான், அங்க போய் அலையாதீங்க. இங்கயே உங்க இடம் ரெடி" என்றான். வெண்டல் மச்சான் பேச்சை நம்பி ஃபோர்ட் வேன்காரர்களிடம் முடியாதென்று சொல்லிவிட்டான். பிறகு, காப்பீடு இல்லாமல் காசு போதாததால், இருதய மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். மனைவிக்குத் தெரியாமல்.

சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் மெர்லும் ஒருவன்.

"பேசறேன்" என்றாள் லோர்னா.

மெர்ல் நம்பமுடியாமல் பார்த்தான். "நிஜமாவா?"

"வெண்டலைப் பத்தியும் சொல்லலாமா?"

"சொல்லுக்கா. அத்தானைப் பத்திச் சொன்னா எல்லாருக்கும் நெஞ்சைத் தொடும்."

"ஒண்ணே ஒண்ணு. எனக்கு மேடையெல்லாம் பழக்கமில்ல. நீ என் பக்கத்துலயே நிக்கணும்."

"நிக்கறேன், கண்டிப்பா." அவன் கண் கலங்கியது. அக்கா மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். வாசலில் அவளைக் கட்டிக்கொண்டான். லோர்னா அவன் முதுகை இரண்டு முறை தட்டிக்கொடுத்தாள். டை கோணலாக இருந்ததைச் சரிசெய்தும் விட்டாள்.

கார் திரும்பியதும் போனை எடுத்தாள்.

"டுவேன், நான் லோர்னா. உனக்குத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சொல்லு. பத்தரை மணிக்கு ஆலை வேலிக்கு வெளிய, ரோட்டு ஓரமா வந்து நில்லுங்க. கத்தக் கூடாது, அட்டை தூக்கக் கூடாது. பேரைக் கூப்பிட்டா மட்டும் பதில் சொல்லணும்."

"யாரு கூப்பிடுவா?"

"நான்தான்."

டுவேன், "கோழிப் பண்ணைல லீவு கேக்கணும். இல்லேன்னா கேக்காமலே வர்றேன்" என்றான்.

லோர்னா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாள். கணவன் செத்த பிறகு இவ்வளவு நிதானமாக ஒரு காரியமும் அவள் செய்ததில்லை.

ஆலை முன்னால் பந்தல். பள்ளி வாத்தியக்குழு பிள்ளைகள் சிவப்புச் சட்டையில். மேடைக்குப் பின்னால் வீடு உயரத்துக்கு ஒரு பலகை: ஹார்லோ மீண்டெழுகிறது, 148 வேலைகள் உருவாக்கப்பட்டன அல்லது காப்பாற்றப்பட்டன.

அந்த 'அல்லது'தான் ஹார்லோ ஊரில் ஒரு வருடமாக நடக்கும் கேலி. உணவகத்தில் யாராவது கேக் வேண்டாமென்றால், "ஒரு கேக்கைக் காப்பாத்திட்டான்" என்பார்கள்.

மாவட்ட அலுவலகத்தின் மேசையில் ஜெனெல் காகிதக் கோப்பைகளில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா மேடைப் படியில் ஏறுவதைப் பார்த்ததும் கோப்பை நிரம்பி வழிந்தது. "அம்மா" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். லோர்னா பார்க்காதது போல ஏறினாள்.

வாஷிங்டன்காரர் நீல டையில் நன்றாகவே பேசினார். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது என்றார். முதலாளி வான் முதலில் கை தட்டினார். அடுத்து மெர்ல் ஒலிவாங்கி முன் வந்து, "என் சொந்த அக்கா. இந்த ஆலையோட முதுகெலும்பு" என்று அறிமுகம் செய்தான்.

லோர்னா பட்டியலை விரித்தாள்.

"எனக்குப் பேசத் தெரியாது. வாசிக்கத் தெரியும். இதுல நீங்க காப்பாத்தின அறுபத்தொரு பேர் இருக்காங்க. பேர் சொல்றேன். டுவேன் ப்ரூயிட்."

வேலிக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "கோழிப் பண்ணைல கூலி. கோழிதான் என்னைக் காப்பாத்துது."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்தவர்கள் அவர்கள்.

"ரமோனா எஸ்டெஸ்."

"மக வீட்டுல இருக்கேன். என் வீடு பாங்குல இருக்கு."

"கிளிஃப் யோடர்."

"மூட்டைப் பூச்சி மருந்தடிக்கிறேன். உங்க வீட்டுக்கும் வேணும்னா சொல்லுங்க, வான் சார்."

இப்போது சிரிப்பு நின்றது. வாஷிங்டன்காரர் தன் உதவியாளனைத் திரும்பிப் பார்த்தார். மெர்ல் லோர்னாவின் முழங்கையைப் பிடித்தான். "அக்கா, போதும். வாக்கா."

"பக்கத்துல நிக்கறேன்னு சொன்னியே. நில்லு."

பெயர்களும் பதில்களும் தொடர்ந்தன. மளிகைக் கடையில் அரை நாள், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, டெக்சாஸ் போய்விட்டான், ஒன்றுமில்லை. யாரோ ஒலிவாங்கியின் இணைப்பைப் பிடுங்கினார்கள். லோர்னா நிறுத்தவில்லை. கண்ணாடி அறுக்கும் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே குரலெழுப்பியே காலந்தள்ளியவள். வாத்தியக்குழு ஆசிரியரிடம் வான் ஏதோ சைகை காட்டினார். பிள்ளைகள் கொம்புகளைத் தூக்கினார்கள். அவர்களில் நாலைந்து பேருடைய அப்பாக்கள் வேலிக்கு வெளியே நின்றிருந்தார்கள். ஒரு கொம்பும் ஒலிக்கவில்லை.

"வெண்டல் டீக்."

வேலிப் பக்கம் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"அவருக்குப் பதிலா நான் சொல்றேன்" என்றாள் லோர்னா. "கல்லறைத் தோட்டம், மூணாவது வரிசை. ஜூன் மாசத்துலருந்து அங்கதான் இருக்கார். நிரந்தர வேலை."

பிறகு மெர்லைக் கைகாட்டினாள்.

"இந்தப் பட்டியலைத் தயார் பண்ணினவன் என் கூடப்பிறந்தவன். இதோ நிக்கறான். அவருக்குன்னு இருந்த இன்னொரு வேலையையும் கெடுத்தவன் இவன்தான். அவர் பெட்டியைத் தோள்ல தூக்கினான். மூணு மாசம் கழிச்சு அவர் பேரை இதுல எழுதினான். நல்லாக் கை தட்டுங்க."

மெர்லின் முகத்தில் ரத்தமே இல்லை. லோர்னா அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். இதற்காகத்தான் பதினோரு நாள் காத்திருந்தாள். தொண்டையில் தேன் ஊற்றியது போல இருந்தது.

கூட்டம் கலைந்து கூச்சலான சமயத்தில், சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண் அவளை ஓரமாக நிறுத்தினாள். "பாட்ரிஸ் கிம்பல். மாநிலத் தணிக்கைத் துறை, இண்டியானாபோலிஸ். நீங்க வாசிச்ச பட்டியலோட பிரதி எனக்கு வேணும். அதைவிட முக்கியமா, இந்த அறுபத்தொரு பேரும் வேலைல இருக்கறதா கையெழுத்துப் போட்ட தாள் ஒண்ணு இருக்கணும். எங்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான் வந்திருக்கு. அந்தத் தாள் கிடைச்சா யார் மேல வழக்குன்னு நான் அன்னிக்கே சொல்லிடுவேன்."

"கிடைச்சா உங்களுக்குத்தான்."

"இன்னும் ஒரு மணி நேரத்துல உங்க வீட்டுக்கு வரலாமா?"

"வாங்க."

கார் நிறுத்தும் இடத்துக்குப் போகும் வழியில் இன்னொருத்தி மறித்தாள். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட இளம்பெண். சட்டையில் கென்ட்ரா என்று தைத்திருந்தது.

"லோர்னாக்கா, நீங்க வாசிச்சதுல நான் இல்ல. நான் எண்பத்தேழுல ஒருத்தி."

"உன் மேல எனக்கு என்ன கோபம்?"

"கோபம் இல்லேன்னு தெரியும். ஆனா அந்த நீல டைக்காரர் கார்ல ஏறும்போது, எல்லாப் பணத்தையும் நிறுத்தி வைங்கன்னு போன்ல சொன்னதை நான் கேட்டேன். எல்லாப் பணத்தையும்." அவள் குரலை உயர்த்தவில்லை. "என் வேலை பொய்யில்லக்கா. எனக்கு ரெண்டு குழந்தை."

லோர்னா கார் சாவியைத் துழாவினாள். "பொய் சொன்னவங்களைப் போய்க் கேளு" என்றாள் கடைசியில்.

"அவங்களைக் கேட்டா மட்டும் வேலை வருமா?"

கென்ட்ரா கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஆலைக்குள் போய்விட்டாள். ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது.

காருக்குப் பக்கத்தில் மெர்ல் நின்றிருந்தான். டையைக் கழற்றிவிட்டிருந்தான். நெஞ்சில் தொங்கவேண்டிய அடையாள அட்டையும் இல்லை.

"அதுக்குள்ள பிடுங்கிட்டாங்களா?" என்றாள் லோர்னா.

"பத்து நிமிஷம்கூட ஆகல." அவன் சிரிக்க முயன்றான். "என்னை இந்த ஆலைல சேத்துவிட்டது நீ. கணக்கு சரியாப் போச்சு. சந்தோஷமா?"

"பாதி."

"மீதியையும் தர்றேன்." சட்டைப் பையிலிருந்து மடித்த நகல் ஒன்றை எடுத்து நீட்டினான். "நான் பேரு மட்டும்தான் குடுத்தேன். கையெழுத்து நான் போடல. அந்த இண்டியானாபோலிஸ் பொம்பளை தேடற தாள் இதுதான். மூலத்தை மாவட்ட ஆபீஸ்ல இந்நேரம் ஒழிச்சுக் கட்டியிருப்பாங்க. வெளியில இருக்கறது இந்த ஒரு நகல்தான். எடுத்துக்கோ. பாத்துட்டு அவகிட்ட குடு."

"நீயே குடுக்கலாமே."

"நீதானே நீதி கேட்டே. நீயே குடு, அக்கா."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொன்ன விதம் லோர்னாவுக்குப் பிடிக்கவில்லை.

வண்டிக்குள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தாள். அறுபத்தொரு கட்டம், அறுபத்தொரு கையெழுத்து. சில நீலம், சில கறுப்பு. சில சாய்ந்தும் சில நிமிர்ந்தும். நாற்பதாவது கட்டத்தில் அவள் கையெழுத்தே இருந்தது. லோர்னா டீக்.

அதை அவள் போடவில்லை. ஆனால் அதைப் போட்டது யாரென்று ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் மதிப்பெண் அட்டையை அம்மாவிடம் காட்டாமல், அம்மா கையெழுத்தைத் தானே போட்டு மாட்டிக்கொண்டவள் ஒருத்தி இருக்கிறாள். பெயரின் கடைசி எழுத்துக்கு வால் இழுத்து மேலே சுழிப்பாள். லோர்னா அப்படிச் சுழிப்பதே இல்லை. அன்றைக்கு அதைச் சொல்லித்தான் திட்டினாள்.

இருபது நிமிடம் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஜெனெல் ஏற்கனவே சமையலறையில் இருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. லோர்னா தாளை மேசைமேல் விரித்தாள்.

ஜெனெல் அதைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

"எத்தனை பேனா?" என்று கேட்டாள் லோர்னா.

"நாலு."

"எங்க வெச்சு?"

"ஆபீஸ்ல. ஒரு சனிக்கிழமை." ஜெனெல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரோட கையெழுத்தும் வாங்கி ஆபீஸ்ல வெச்சிருக்கணும்னு மாநிலத்துலருந்து கடிதாசி வந்துச்சும்மா. ஆபீசர் தாளை என் மேசைல வெச்சுட்டு, எண்ணிக்கை குறைஞ்சா அடுத்த தவணை வராது, வராட்டா உன் வேலையும் இருக்காதுன்னு சொன்னார். என் சம்பளம் எதுலருந்து வருதுன்னு நெனச்சே? அதே பணம்தான். எங்க ஆபீஸுக்குன்னு ரிப்போர்ட்ல தனியா ஒரு வரி இருக்கு. உருவாக்கப்பட்ட வேலை ஒண்ணு. அது நான்தான்."

"ஒரு வருஷம் வேலையில்லாம இருந்தே. அது எனக்குத் தெரியும்."

"ம்."

"அதுக்காக என் பேரை நீ எழுதினே. அதைக்கூட நான் விழுங்கிடுவேன்." லோர்னாவின் விரல் முப்பத்தெட்டாவது கட்டத்துக்குப் போனது. "இதை எப்படி எழுதினே? உங்கப்பன் பேரை எழுதறப்ப உன் கை எப்படி ஓடுச்சு?"

ஜெனெல் குனிந்து பார்த்தாள். அப்புறம் தாளைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"இதை நான் போடல."

"பொய் சொல்லாத."

"அறுபதும் என்னோடது. நான் இல்லேங்கல. அப்பா கட்டத்தை மட்டும் காலியா விட்டேன். முடியலம்மா. ஒரு மணி நேரம் பேனாவை வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். முடியல. அப்படியேதான் குடுத்தேன். திங்கக்கிழமை அது நிறைஞ்சு திரும்பி வந்துச்சு. யாரையும் கேக்க எனக்கு வாய் வரல. அதனாலதான் உன்கிட்ட பட்டியலைக் கொண்டுவந்தேன்."

"யார்கிட்ட குடுத்தே?"

"மெர்ல் மாமாகிட்ட. ஆலை முத்திரை குத்தணும்னு அவர் கையில."

லோர்னா தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். வெண்டல் போடுவது போலவே இருந்தது. முதல் எழுத்து பெரிதாக, மீதியெல்லாம் அவசரமாக நசுங்கி. பத்தொன்பது வருடம் வாரா வாரம் வருகைத் தாளில் அந்தக் கையெழுத்தைப் பார்த்து முத்திரை குத்தியவன் ஆளெடுக்கும் பிரிவில் ஒருவன்தான்.

கையெழுத்து நான் போடல என்றான். நீயே குடு என்றான்.

அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அவனைச் சிறைக்கு அனுப்ப ஒரு கையெழுத்து போதும். அது இந்தத் தாளில்தான் இருக்கிறது. அதே தாளில் அவள் மகளுடைய அறுபது கையெழுத்தும் இருக்கிறது. கொடுத்தால் இரண்டு பேரும் போவார்கள். கொடுக்காவிட்டால் அவனும் தப்புவான். இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் அவள் கையில் கொண்டுவந்து திணித்திருக்கிறான். மேடையில் அவள் கொடுத்ததற்கு, கார் பக்கத்தில் நின்று அவன் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"அடப்பாவி" என்றாள் மெதுவாக. அந்தக் குரலில் கோபத்தோடு ஒரு மதிப்பும் கலந்திருந்தது. இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள்.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம். ஜன்னல் வழியே சாம்பல் நிறக் கோட்டு தெரிந்தது.

"யாரு?"

"தணிக்கைக்காரி. இந்தத் தாளுக்காக வந்திருக்கா."

ஜெனெல் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டாள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். பிறகு கையை நீட்டித் தாளின் ஒரு நுனியைப் பிடித்தாள்.

"நான் குடுக்கறேன். மாமா எழுதினதை நான் சொன்னாத்தான் நம்புவாங்க. நீ சொன்னா, வீட்டுச் சண்டைன்னு போயிடும்."

"உன்னை உள்ள வெச்சுடுவாங்கடி."

"வெக்கட்டும். அப்பா கட்டத்தை நிரப்பினவன் வெளிய இருக்கக் கூடாது. நீயும் அதுக்குத்தானே இன்னிக்கு மேடை ஏறினே?"

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மூன்று முறை, மரியாதையாக.

"விடும்மா."

லோர்னா தாளின் மறுநுனியை விடவில்லை.